முடிந்தது என்று ஒரு முத்திரை

அத்தியாயம் 14

பெல்ட்டில் மூன்றாவது ஓட்டை விழுந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்தே தொடங்கலாம்.

கரையானுக்கு மருந்தடிக்கிற கம்பெனியில் டிரில்லுக்கா பஞ்சம்? மரத்தில் துளை போட்டு, துளை வழியாக மருந்தை ஏற்றுவதுதான் தொழிலே. அந்த டிரில்லை வைத்துக் கிடங்கின் மூலையில் தம்பி தன் பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். இரண்டு மாதத்தில் மூன்றாவது ஓட்டை.

"தினமும் நடக்கறேன் இல்ல, அதான் இளைச்சுட்டேன்" என்று சிரித்தான் தம்பி.

ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் இப்படி இளைத்தால் நாலு பேர் ரகசியம் கேட்டு வருவார்கள். அக்காவோ அந்த மூன்று ஓட்டைகளையும் விரலால் எண்ணிப் பார்த்தாள். அவர்களுடைய அப்பாவும் கடைசி வருடம் இப்படித்தான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே போனார்.

இவர்களைப் புதிதாகச் சந்திக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்காவை அவள் தம்பி மட்டும் அக்கா என்று கூப்பிடவில்லை. மருந்தடிக்கிற ஆட்கள், தபால்காரர், எதிர்க் கடைக்காரர், போனில் சண்டைபோடுகிற வாடிக்கையாளர் என்று அத்தனை பேருக்கும் அவள் அக்காதான். ஆபீஸ் மேஜை, போன், ஃபைல் மூன்றும் அவள் ராஜ்யம். வெளிவேலை தம்பியுடையது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மரத்தை 'டொக் டொக்' என்று தட்டி, ஓசையை வைத்தே உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். பழக்கதோஷத்தில் சாப்பாட்டு மேஜையையும் தட்டுவான், அடுத்தவர் வீட்டுக் கதவையும் தட்டுவான்.

அவனைக் கட்டிக்கொண்டவள் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவளுக்கு டீச்சர் என்றே பெயர். ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

நாலு வருடத்துக்கு முன்னால் தம்பி வயிற்றில் ஒரு கிருமி இருப்பதாக ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். பதினான்கு நாள், வேளைக்கு ஒரு கை மாத்திரை. வாயெல்லாம் இரும்புக் கசப்பு. அதற்கப்புறம் ஒரு பைக்குள் மூச்சை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். கிருமி இல்லை. "நம்ம தொழில்தான் டாக்டருக்கும். மருந்தடிச்சாங்க, பூச்சி செத்துடுச்சு" என்று தம்பி அன்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போன் அடிக்கும்வரை மூன்று பேரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

*

போனில் தையல்கடை அம்மா.

"மாடிப்படியில ரெண்டாவது படி அப்படியே உள்ள போயிடுச்சு. நல்லவேளை, கைப்பிடியைப் பிடிச்சுட்டேன்."

"ஐயோ, அடி பட்டுதாம்மா?"

"முழங்கால்ல சிராய்ப்புதான். அதை விடுங்க. கரையான் ஒழிஞ்சுதுன்னு எனக்கு ஒரு பேப்பர் குடுத்தீங்களே, அதை எடுத்து வைங்க. எனக்குப் பதில் வேணும்."

அக்கா எழுந்து இரும்பு பீரோவைத் திறந்தாள். அவளிடம் மூன்று இடம் உண்டு. புதிய வேலைக்கு ஒரு தட்டு, நடக்கிற வேலைக்கு ஒரு தட்டு, முடிந்த வேலைக்கு இந்த பீரோ. ஒரு வேலை முடிந்ததும் மேல் தாளில் சிவப்பு மையில் 'முடிந்தது' என்று முத்திரை அடித்து, முடிந்த மாதத்தின் வரிசையில் செருகிவிடுவாள். அந்த முத்திரையை அடிக்கும்போது அவளுக்கு ஒரு பெரிய திருப்தி. வீட்டுக் குழாய் ரிப்பேர் சீட்டிலும் அடித்திருக்கிறாள். ஒருமுறை, யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையில், கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள், 'முடிந்தது' என்று அடித்து வைத்தாள். "பாவம், அவங்க வாழ்க்கை இப்பத்தான் ஆரம்பிக்குது அக்கா" என்று டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தையல்கடை வேலை முடிந்தது நாலு வருடத்துக்கு முன்னால். அந்த மாதத்தின் கட்டை உருவியபோது, தையல்கடை ஃபைலோடு ஒட்டிக்கொண்டு ஒரு நீல ஃபைலும் கையில் வந்தது.

தம்பியின் ஆஸ்பத்திரி ஃபைல்.

அதே மாதத்தில் முடிந்த வேலை. அதனால் அதே வரிசையில் செருகியிருக்கிறாள். மேல் தாள் மூச்சுப் பரிசோதனை முடிவு. 'கிருமி இல்லை' என்ற வரிக்குக் குறுக்கே அவளுடைய சிவப்பு முத்திரை பளிச்சென்று இருந்தது. அடியில் இன்னும் சில தாள்களைச் சேர்த்துப் பின் அடித்திருந்தார்கள். அந்தப் பின்னை இதுவரை யாரும் நெம்பிய அடையாளம் இல்லை.

அக்கா முதல்முறையாகத் தாளைப் புரட்டினாள். டாக்டரின் கடிதம். இப்படி இருந்தது:

'கிருமி முழுவதும் அழிந்துவிட்டது. ஆனால் வயிற்றின் உள்தோல் பல இடங்களில் முன்பே மாறிவிட்டிருப்பது சதைப் பரிசோதனையில் தெரிகிறது. கிருமி அழிந்ததால் புற்றுநோய் அபாயம் குறையும், இல்லாமல் போய்விடாது. இவருடைய தந்தை வயிற்றுப் புற்றுநோயால் இறந்திருப்பதால், ஆண்டுக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்ப்பது அவசியம். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் வர வேண்டும்.'

அதற்குக் கீழேயும் எழுதியிருந்தது. மூன்றாவது பக்கமும் இருந்தது. அவளால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை. நாலு ஆண்டு ஆகிவிட்டது.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது, அது நினைவுக்கு வராமலே இருந்திருக்கலாம். மேஜையின் கீழ் அடுக்கிலிருந்து மூன்று வருடத்துக்கு முந்தைய போன் நோட்டை எடுத்தாள். ஆபீசுக்கு வருகிற ஒவ்வொரு போனையும் நேரத்தோடு எழுதிவைப்பது அவள் வழக்கம். விரல் தேதிகளின் மேல் இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

'காலை 11.20. ஆஸ்பத்திரி. தம்பியை மறுபடி வரச்சொல்லி. வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.'

அவளுடைய உருண்டை எழுத்து. அன்றைக்கு என்ன நினைத்தாள் என்பதுகூட ஞாபகம் இருந்தது. இந்தத் தொழிலில் ஒரு கூட்டம் உண்டு. மருந்தடித்து முடித்த வீடுகளுக்குப் போன் செய்து, "மறுபடி வந்திருக்கும், ஒரு தடவை பார்த்துடலாம்" என்று பயமுறுத்தி உள்ளே நுழைகிற கூட்டம். ஆஸ்பத்திரியும் அதே வித்தையைக் காட்டுகிறது என்று நினைத்துவிட்டாள். நம்மகிட்டயேவா என்று போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்தாளே, பாவி!

நெஞ்சுக்குழியில் சுருக்கென்று எரிந்தது. கை தானாக இழுப்பறையைத் திறந்து, முத்திரைக்குப் பக்கத்தில் கிடந்த அட்டையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டது. புளிப்பு ஏறினால் அவளுக்கு அதுதான் கைமருந்து.

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. தையல்கடைக்குக் கிளம்பத் தம்பி தயாராக நின்றான். அக்கா நீல ஃபைலையும் போன் நோட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு, மாத்திரை அட்டையையும் போட்டுக்கொண்டு, வெளியே வந்தாள்.

"நானும் வரேன்."

"நீயா? ஆபீஸை விட்டா? இன்னிக்கு மழைதான்" என்றான் தம்பி.

*

தையல்கடையில் சூடான துணி வாசனை. ஜன்னலோரம் இரண்டு மெஷின்கள், தலையில்லாத பொம்மை ஒன்று, அதன் தோளில் அளவு நாடா. உடுத்திப் பார்க்கிற அறைக்கு மாடியேறும் மரப்படிகள் பாலிஷ் மின்ன நின்றன. இரண்டாவது படி மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

தம்பி குந்தி உட்கார்ந்து கீழிருந்து தட்டிக்கொண்டே போனான். முதல் படி டொக் என்றது. மூன்றாவது பொத் என்றது. நாலாவதும் பொத்.

தையல்கடை அம்மா முழங்காலில் பிளாஸ்திரியோடு இடுப்பில் கை வைத்து நின்றார். "முதல்ல எனக்கு இதைச் சொல்லுங்க தம்பி. பூச்சி செத்துதா, இல்லையா?"

"செத்துதும்மா. இதோ பாருங்க, உள்ள ஒரு உசிர் இல்ல. வெறும் காஞ்ச மண்ணு."

"அப்ப படி எப்படி உடையும்?"

"அது தின்னது தின்னதுதான்மா" என்றான் தம்பி. இருபது வருடமாக ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடம் என்பதால் தடங்கலே இல்லாமல் வந்தது. "மருந்து பூச்சியைக் கொல்லும், தின்ன மரத்தைத் திருப்பிக் குடுக்காது. மருந்தே அடிக்கலைன்னா ரெண்டு வருஷம் முன்னாடியே மொத்தப் படியும் விழுந்திருக்கும், அதுவும் உண்மை. ஆனா ஏற்கெனவே அரிச்ச இடம் வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள வெறும் கூடா நிக்கும். எப்ப விடும்னு சொல்ல முடியாது. அதனாலதான் வருஷம் ஒரு தடவை வந்து தட்டிப் பார்க்கணும்னு கார்டு குடுக்கறோம்."

அக்கா கைப்பையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். உள்ளே இருந்த ஃபைலில் டாக்டர் எழுதியிருந்ததைத்தான் தம்பி வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றித்தான் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

தையல்கடை அம்மாவின் குரல் இறங்கியது. "கார்டு வந்துது. பொய் சொல்ல மாட்டேன். பூச்சிதான் செத்துடுச்சே, இன்னும் எதுக்கு வந்து நோண்டணும்னு நான்தான் தூக்கிப் போட்டேன். ஆனா நீங்களாவது ஒரு வார்த்தை அடிச்சுச் சொல்லியிருக்கலாம் இல்ல? ஒருத்தர் வேணாம்னு சொன்னா, அப்படியே விட்டுடறதா?"

"எங்க தப்புதாம்மா" என்றாள் அக்கா.

தம்பி தலையைத் தூக்கிப் பார்த்தான். வாடிக்கையாளரிடம் அக்கா அப்படி ஒரு வார்த்தை சொல்லி அவன் கேட்டதே இல்லை.

*

வண்டியில் ஏறியதும் அக்கா இருக்கைகளுக்கு இடையில் இருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"சாப்பிடு."

"மணி பதினொண்ணரைதான் ஆகுது."

"பரவாயில்ல, என் எதிர்ல சாப்பிடு."

தம்பி மூடியைத் திறந்தான். உள்ளே இருந்ததைக் கொஞ்சநேரம் பார்த்தான். மறுபடி மூடினான். அந்த மூடியை மூடிய விதத்திலேயே அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"மூணு வாய்தான் இறங்குது அக்கா. அதுக்குள்ள தொண்டை வரைக்கும் ரொம்பிடுது. கிடங்குக்குப் பின்னால சுத்துமே, அந்த நாய்க்குப் போட்டுடறேன். டப்பாவைக் கழுவித் துடைச்சு எடுத்துட்டுப் போறதால டீச்சருக்குத் தெரியாது. காலையிலயும் ராத்திரியும் வெளிய சாப்பிட்டுக்கறேன்னு சொல்லிடுவேன்."

"அந்த நாய் ஏன் உருண்டு திரண்டு போச்சுன்னு நானும்தான் யோசிச்சுட்டிருந்தேன்" என்றாள் அக்கா. சிரிப்பு மாதிரி ஆரம்பித்தது அழுகையில் போய் நின்றது. அவள் ஃபைலை எடுத்து ஸ்டியரிங் மேல் விரித்து வைத்தாள்.

தம்பி படித்தான். இரண்டாம் முறையும் படித்தான். விரல் முட்டியால் ஸ்டியரிங்கை டொக் டொக் என்று தட்டினான். பிறகு நிறுத்திவிட்டான்.

"இது எங்க இருந்துது?"

"பீரோவில. முத்திரை அடிச்சு வெச்சிருந்தேன்."

போன் நோட்டைப் பற்றியும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நோட்டு பைக்குள் கனமாகக் கிடந்தது. முதலில் ஆஸ்பத்திரிக்குப் பேசுவோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எண்களை அழுத்தினாள்.

மறுமுனையில் நர்ஸ் கேட்டாள். "கடைசியா எப்ப சாப்பிட்டார்? வயிறு காலியா இருந்தாதான் இன்னிக்குப் பார்க்க முடியும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள்.

"நேத்து மத்தியானம் ரெண்டு பிஸ்கட்" என்றான் அவன். "இன்னிக்குக் காலையில அரை டம்ளர் தண்ணி."

"அப்ப ரெண்டரை மணிக்கு வந்துடுங்க. தண்ணியும் குடிக்க வேணாம்."

இடம் கிடைத்துவிட்டது. இதற்குச் சந்தோஷப்படுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

"டீச்சருக்கு இப்ப சொல்ல வேணாம்" என்றான் தம்பி. "ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

"டப்பாவைக் கழுவிக் கழுவி நீ மறைச்சது போதும்" என்று சொல்லிவிட்டு அக்கா பள்ளிக்கூடத்து நம்பரைத் தேடினாள்.

*

டீச்சர் வந்தபோது சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. வகுப்பைப் பாதியில் விட்டு வந்திருக்கிறாள். கணவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"எத்தனை மாசமா சாப்பிடலை?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றாள் அக்கா.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"சாப்பாடு விஷயம் இன்னிக்குத்தான். பெல்ட்டு போன வாரம்."

"போன வாரமே என்கிட்ட ஏன் சொல்லலை?"

 பதில் வருவதற்குள் கதவு திறந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே டாக்டர், இப்போது முடி நரைத்திருந்தார். இரண்டு பேரையும் தன் அறையில் உட்காரவைத்தார்.

"வயித்தோட கீழ்ப்பக்கம் ஒரு இடம் இருக்கு. பார்க்கச் சின்னதுதான், ஆனா எனக்குப் பிடிக்கலை. எட்டு இடத்துல சதை எடுத்து அனுப்பியிருக்கேன்."

"புற்றா டாக்டர்?" டீச்சர் நேராகக் கேட்டாள்.

"கண்ணால பார்த்து அப்படிச் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும். மேல் தோலோட நின்ன சின்ன இடம்னா குழாய் வழியாவே சீவி எடுத்துடலாம், பிழைச்சுக்கலாம்." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "என்னைக் கவலைப்படுத்தறது வேற ஒண்ணு. இவ்வளவு சின்ன இடம் ஒருத்தரைச் சாப்பிட விடாம பண்ணாது. உள்ள காத்து ஏத்தினா வயிறு நல்லா விரிஞ்சு குடுக்கணும். இவருக்கு ஒரு பக்கம் விரியலை, விறைப்பா நிக்குது. மேல தெரியறது இவ்வளவுதான். உள்ள எவ்வளவு போயிருக்குன்னு ஸ்கேன் எடுத்தாதான் தெரியும். நாளைக்குக் காலையிலயே எடுத்துடலாம்."

அக்காவுக்குத் தையல்கடைப் படி ஞாபகம் வந்தது. பொத் என்ற அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

"கிருமி போயிடுச்சுன்னு நீங்களே சொன்னீங்களே" என்றாள் டீச்சர்.

"போயிடுச்சு. இன்னிக்கும் அது இல்ல. அதைக் கொன்னது ரொம்ப நல்லது, விட்டிருந்தா ஆபத்து இதைவிட அதிகம். நிறையப் பேருக்கு அதோட பிரச்சனை முடிஞ்சுடும். ஆனா இவருக்கு அது வருஷக்கணக்கா இருந்து தோலை மாத்திட்டுப் போயிருக்கு. அதான் வருஷா வருஷம் வரச்சொல்லி எழுதினேன்." டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "போன் பண்ணியும் கூப்பிட்டிருக்கோம். உங்க ஆபீஸ் நம்பர்தான் இருக்கு. வேலை முடிஞ்சுடுச்சு, இனிமே கூப்பிட வேணாம்னு சொன்னதா நர்ஸ் எழுதியிருக்காங்க. அதோட நாங்களும் விட்டுட்டோம். விட்டிருக்கக் கூடாது."

டீச்சர் மெதுவாகக் கேட்டாள். "யார் அப்படிச் சொன்னது?"

அக்கா இல்லாத நேரத்தில் ஆபீஸ் போனை எத்தனையோ பேர் எடுப்பார்கள். வேலைக்கு வந்து நின்றுபோன ஆட்கள் ஒரு டஜன் தேறும். அவர்களில் ஒருவர் தலையில் போட்டுவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. வார்த்தை அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டீச்சர் டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அக்காவை இன்னும் சந்தேகப்படக்கூட இல்லை.

அக்கா பையைத் திறந்தாள். நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, டீச்சர் மடியில் வைத்தாள்.

"நான்தான்."

டீச்சர் அந்த ஒரு வரியை விடைத்தாள் திருத்துகிற மாதிரி விரலை வைத்துப் படித்தாள். நேரம், தேதி எல்லாம் சரியாக இருந்தது. நோட்டை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"மூணு வருஷம் முன்னாடியே வந்திருந்தா, டாக்டர்?"

"அந்தக் கணக்கு எனக்கே தெரியாதும்மா. நீங்களும் போட வேணாம்."

டீச்சர் எழுந்து வெளியே போனாள். தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த ஜன்னலருகே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

*

மயக்கம் முழுதாகத் தெளியாத தம்பி, கட்டிலின் இரும்புக் கம்பியை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது கெட்டியா இருக்கு" என்றான் நாக்குக் குழற. "அந்தம்மா கடைக்கு நாளைக்கு நாலு பலகை அனுப்பணும்."

"அனுப்பறேன்டா, நீ கண்ணை மூடு."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு ஸ்கேன் எடுக்கணுமாம்."

தம்பி அவள் முகத்தையே பார்த்தான். ஓசையை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்கிறவனிடம் குரலை மறைக்க முடியுமா? அக்காவால் அடக்கமுடியவில்லை. ஆஸ்பத்திரி போன், தான் சொன்ன பதில், எழுதிவைத்த வரி என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். "என் கையாலயே உன் ஃபைலை மூடிட்டேன்டா."

"எனக்குத் தெரியுமே" என்றான் தம்பி.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு மத்தியானம் நீயே சொன்ன. ஆஸ்பத்திரிக்காரங்க நம்மகிட்டயே ஆள் பிடிக்கறாங்கன்னு. நானும்தான் சிரிச்சேன்." அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமையின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. "அப்பாவுக்குக் குழாய் விட்டப்ப நான் பக்கத்துல நின்னேன் அக்கா. மறுபடி அந்த ரூமுக்குப் போக வேணாம்னு நீ சொன்னதும், அப்பாடான்னு இருந்துது."

அக்கா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவன் தன்னை மன்னித்தது அவளுக்கு இன்னும் வலித்தது.

அவன் தூங்கியதும் வெளியே வந்து, தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நெஞ்சுக்குழியில் அந்த எரிச்சல் மறுபடி கிளம்பியது. பையில் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தவள், கூடவே வந்த நீல ஃபைலையும் மடியில் வைத்தாள். காலையில் விட்ட இடத்திலிருந்து படித்தாள். இனி ஒரு வரியைக்கூட விடுவதில்லை என்று புரட்டிக்கொண்டே போய் மூன்றாவது பக்கத்துக்கு வந்தாள். அங்கே இரண்டே வரிகள்.

'இந்தக் கிருமி பெரும்பாலும் சிறுவயதில், ஒரே வீட்டில் இருப்பவர்களிடையே பரவுவது. இவருடன் வளர்ந்த சகோதரியும் தாமதமின்றிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.'

மாத்திரையைப் பிதுக்கப்போன விரல் அப்படியே நின்றது.

ஒரு நிழல் பெஞ்சின் மேல் விழுந்தது. சாக்பீஸ் தூள் படிந்த ஒரு கை குறுக்கே வந்து, முதலில் ஃபைலை எடுத்தது. கொஞ்சநேரம் கழித்து அட்டையையும் எடுத்தது. பத்து மாத்திரை இருக்க வேண்டிய அட்டையில் இரண்டுதான் மிச்சம் இருந்தன.

"எத்தனை நாளா அக்கா?" என்றாள் டீச்சர். அழுது முடித்த குரல்.

"அது சும்மா. நேரத்துக்குச் சாப்பிடலைன்னா புளிப்பு ஏறும், அதுக்கு…"

"நான் அதைக் கேக்கலை. எத்தனை நாளா போடறீங்க?"

அக்கா யோசித்தாள். போன வருடமா? அதற்கும் முன்பா? முத்திரைக்குப் பக்கத்தில் அந்த அட்டை எப்போது வந்து உட்கார்ந்தது? ஊரார் செய்த ஒவ்வொரு போனையும் நேரத்தோடு எழுதிவைத்தவளிடம் இதற்கு ஒரு வரி இல்லை.

"டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"எழுந்திருங்க. டாக்டர் இன்னும் கிளம்பலை."

"இன்னிக்கு அவனைப் பார்ப்போம் டீச்சர். என்னோடது எங்க போகுது? அப்புறம் பார்த்துக்கலாம்."

டீச்சர் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. எலும்பு நோகும்படி அழுத்தியது. ஆனால் அவள் விடவும் இல்லை.

"வேணாம்னு சொன்னா விட்டுட இது ஒண்ணும் ஆபீஸ் போன் இல்ல" என்றாள் டீச்சர். "எழுந்திருங்க அக்கா."